கம்ப்யூட்டர் ஓடுகிறது, மச்சான்

என் பிரியத்துக்குரிய மச்சான் கதிருக்கு,

நீ ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் ஓடுகிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில், சிதம்பரத்தில் உன் வீட்டு முன்னறையில், ஜன்னலோர மேசையில் வைத்து முதல்முறையாகத் திரையில் எழுத்து வந்தது. பதினாறு ஜிபி ரேமும் காட்டியது. மூன்று ஃபேனும் சுற்றின. சத்தம் அதிகமில்லை. நீ பயந்த அளவுக்குச் சூடும் ஏறவில்லை.

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. கம்ப்யூட்டரைச் சேர்த்து முடிக்க எனக்கு ஒரு காலைப்பொழுதுதான் ஆனது. அப்படியானால் இத்தனை மாதம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பாய். சொல்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதப் போகிறேன், பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன் என்று சுமதியிடம் கேட்டேன். "எழுது. என்னப் பத்தி மறைக்காத. உன்னப் பத்தியும் மறைக்காத" என்றாள். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்கு நீ யார் என்று தெரிய வேண்டும் அல்லவா?

நீ எனக்கு மச்சான் ஆனது இரண்டு முறை. முதல் முறை சிதம்பரத்தில் டிப்ளமோ படித்தபோது. நான் திட்டக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியவன். நீ உள்ளூர்க்காரன். ஸ்டேஷன் ரோட்டில் இருந்த பிரவுசிங் சென்டரில் பக்கத்துப் பக்கத்து கேபினில் உட்கார்ந்து கார் ரேஸ் ஆடுவோம். யார் யாரை வேண்டுமானாலும் மச்சான் என்று கூப்பிடுகிற வயது. பிறகு ஒரு தேர்த் திருவிழாவுக்கு எங்கள் ஊருக்கு வந்தாய், என் தங்கை சுமதியைப் பார்த்தாய், ஒரு வருடம் என்னிடம் சொல்லப் பயந்துகொண்டு திரிந்தாய். கல்யாணம் ஆனதும், "இனிமே நீ கோச்சுக்கிட்டாலும் மச்சான்தான்டா" என்றாய்.

நான் கடலூர் முதுநகரில் ஐஸ் பிளாண்டில் சூப்பர்வைசர் வேலைக்குச் சேர்ந்தேன். துறைமுகத்துப் படகுகளுக்கு ஐஸ் போகும் இடம். நீ பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்தாய். தீசிஸ் பைண்டிங்கில் உன் கைக்கு ஒரு பெயர் இருந்தது. யாழினி பிறந்தாள். அதற்கப்புறம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கேம்கூட ஆடவில்லை. அதற்கு ஒரு காரணமும் இல்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டோம், அவ்வளவுதான்.

கால் வீங்கியபோது, நாள் முழுக்க மெஷின் முன்னால் நிற்பதால்தான் என்று நீயே முடிவு செய்துகொண்டாய். டெஸ்ட் எடுத்துப் பார்த்தபோது இரண்டு கிட்னியும் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சனிக்கிழமைகளில் கடையில் கூட்டம் ஜாஸ்தி, சுமதி அங்கே நிற்க வேண்டும். எனவே என் வார லீவை ஞாயிறிலிருந்து சனிக்கு மாற்றிக்கொண்டேன். முதுநகர் ஜங்ஷனில் ரயில் ஏறினால் ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று தாண்டி ஒரு மணி நேரத்தில் உன்னிடம் வந்துவிடுவேன்.

முதல் சில வாரங்கள் நாம் அதிகம் பேசிக்கொள்ளவில்லை, நினைவிருக்கிறதா? குளிர்ந்த அறை. வரிசையாகக் கட்டில்கள், தலைமாட்டில் மெஷின்கள். உன் ரத்தம் குழாயில் வெளியே போய்த் திரும்பி வருவதை நான் பார்க்காமல் இருக்கப் பார்ப்பேன். நீ போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டு மேலே ஓடும் ஃபேனைப் பார்ப்பாய். நாள் முழுக்கச் சேர்த்து இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று அளவு சொல்லியிருந்தார்கள். "ஊருக்கே ஐஸ் குடுக்கறவன். எனக்கு ஒரு கட்டி கொண்டாரக் கூடாதா?" என்றாய் ஒரு நாள். மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ் அது, வாயில் வைக்க முடியாது என்று நான் விளக்கம் சொன்னேன். நீ கேலிக்குச் சொன்னாய் என்பது ரயிலில் திரும்பி வரும்போதுதான் புரிந்தது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, உன் போனில் யாரோ ஒருவன் மேசையில் பாகங்களைப் பரப்பிவைத்து ஒரு கேமிங் கம்ப்யூட்டரைச் சேர்க்கும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. குறைந்த செலவில் எப்படிச் சேர்ப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தான். முழுவதையும் பார்த்து முடித்தாய்.

"நம்மளும் ஒண்ணு பண்ணலாமாடா?"

"நாப்பது வயசுலயா?"

"நாலு மணி நேரம் சும்மா படுத்துக் கெடக்கறேன். வாரத்துக்கு மூணு தடவ. என்னைவிட டைம் இருக்கறவன் எவன் இருக்கான்?"

அப்படித்தான் தொடங்கியது. அடுத்த வாரம் கடையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்தாய். ஊசி குத்தாத கையால் எழுதினாய். கையெழுத்து கோணலாக வந்தது. மொத்தம் இவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது என்று மேலே எழுதி அடிக்கோடு போட்டாய். அந்த எல்லைக்குள் எதை எடுப்பது, எதை விடுவது? ஏழு மாதம் அதையே பேசினோம்.

கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற பிராசஸரை வாங்கிவிட்டு, கேமுக்கென்று தனியாகப் போடுகிற கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன் நான். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "பின்னாடி பாத்துக்கலாம்னு எத விட்டாலும் அது நடக்காது மச்சான். கார்டுக்கு மொதல்ல ஒதுக்கு. மிச்சத்துல மத்தது" என்றாய். எனக்குக் கண்ணாடி வைத்த, கலர் கலராக லைட் எரிகிற கேபினட்மேல் ஆசை. நீ முகப்பில் வலை வைத்த சாதாரணப் பெட்டிதான் வேண்டும் என்றாய், சிதம்பரத்து வெயிலுக்குக் காற்றுப் போக வேண்டும் என்று. ரேம் ஒரே துண்டாகப் பதினாறு வேண்டாம், எட்டு எட்டாக இரண்டு போட்டால்தான் வேகம் என்றாய். மற்றதெல்லாம் மாட்டுகிற மதர்போர்டு மட்டும், நாளைக்கு இதைவிடப் பெரிய பிராசஸர் போட்டாலும் தாங்குகிற போர்டாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். நாளைக்கு. அந்தச் சொல்லை நீ எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் நான் ஜெயித்தேன். எஸ்எம்பிஎஸ். எல்லாப் பாகத்துக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. அதில் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தாய். வோல்டேஜ் ஏறி இறங்கி எங்கள் பிளாண்டில் கம்ப்ரஸர் மோட்டார்கள் புகைந்ததை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். இதில் மட்டும் கை வைக்காதே என்று சண்டை போட்டேன். "சரிடா, கரண்டு விஷயத்துல உன் பேச்சு" என்று நோட்டில் நீ எழுதியிருந்ததை அடித்துவிட்டு நான் சொன்னதை எழுதினாய்.

அங்கே இருந்த நர்ஸ் ஒரு நாள் நின்று கேட்டுவிட்டு, "என்னா சார், கல்யாணத்துக்கு நக எடுக்கப் போறவங்க மாதிரி பேசிக்கறீங்க" என்றார். உனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் போய்ச் சொன்னாய் என்று சுமதி சொன்னாள்.

கார்டு புதிதாக வாங்க நம் எல்லை இடம் கொடுக்கவில்லை. பழையதுதான் எடுக்க வேண்டும். எவனெவன் எப்படி ஓட்டித் தேய்த்ததோ என்று நான் தயங்கினேன். நீ சிரித்தாய். "எனக்கே செகண்ட் ஹேண்ட் பார்ட்டுதான் தேடிக்கிட்டிருக்காங்க. கம்ப்யூட்டருக்கு மட்டும் புதுசு கேக்கறியா?" பக்கத்துக் கட்டில்காரர் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த வாரம் புதன்கிழமைதான் சுமதி என்னைப் பார்க்க முதுநகர் வந்திருந்தாள்.

முன்கூட்டிச் சொல்லாமல் ஐஸ் பிளாண்டுக்கே வந்தாள். உள்ளே ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தத்தில் பேச முடியாது. வெளியே, லாரிகள் நிற்கும் இடத்தில் நின்று பேசினோம்.

"அண்ணே, அவருக்கு நான் கிட்னி குடுக்கலாம்னு இருக்கேன்" என்றாள். "ரத்த குரூப் ஒத்துப்போவுது. மத்த டெஸ்ட்டுக்கெல்லாம் வரச் சொல்லியிருக்காரு டாக்டரு."

"கதிர் என்ன சொன்னான்?"

"வேணாம்னுதான் சொன்னாரு. நான் கேக்கல. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் அனுமதி கேட்டு வரவில்லை, மச்சான். பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று வந்தாள். தைரியமாகப் போ, நான் இருக்கிறேன் என்று சொல்வேன் என்று நினைத்து வந்தாள். நான் சொன்னது வேறு.

"யாழினிய நெனச்சியா? அறுக்கற எடத்துல உனக்கு ஏதாவது ஆச்சுன்னா? ரெண்டு பேருமே படுத்துட்டீங்கன்னா அந்தப் பொண்ண யாரு பாக்கறது? கடைய யாரு பாக்கறது?" என்றேன். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "குடுத்தாலும் அது எத்தன வருஷம் ஓடும்னு யாருக்குத் தெரியும்?" என்றேன்.

ஒரு மோட்டாரைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டேன். உன்னைப் பற்றி.

இதை எப்படிச் சொன்னால் எனக்கு ஒரு நியாயம் கிடைக்கும் என்று பதினொரு மாதமாகத் தேடிப் பார்த்துவிட்டேன். அவள் என் தங்கை. சின்ன வயதில் காய்ச்சல் வந்து பிழைக்க மாட்டாள் என்று நினைத்த பிள்ளை. அவளைக் கத்தி வைத்து அறுப்பார்கள் என்பதை என்னால் நினைக்க முடியவில்லை. இதெல்லாம் உண்மைதான். ஆனால் இன்னொன்றும் உண்மை. உன்னையும் அவளையும் ஒரு தராசில் வைத்தபோது, ஒரு நொடிகூட யோசிக்காமல் உன் பக்கத்திலிருந்து கையை எடுத்துவிட்டேன். டாக்டரிடம் வந்து கேட்போமே, கொடுக்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று விசாரிப்போமே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கம்ப்யூட்டரின் ஒரு போர்டுக்காக ஐந்து வீடியோ பார்த்தவன் நான்.

சுமதி டெஸ்ட்டுக்குப் போகவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போன் செய்து, "எனக்கு சுகர் பார்டர்ல இருக்கு, எடுக்க முடியாதுன்னுட்டாங்கன்னு அவருகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். நான் "சரி" என்றேன். ஒரே வார்த்தை. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்து வந்த சனிக்கிழமை உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மெஷின் ஓடத் தொடங்கி அரை மணி ஆகியிருக்கும்.

"சுமதிக்கு சுகர் இருக்காம்டா" என்றாய். என்னை நேராகப் பார்த்துத்தான் சொன்னாய்.

"ம்."

"நின்னு நின்னு ஒடம்பக் கெடுத்துக்கறா. நீ சொன்னா கேப்பா. கொஞ்சம் பாத்துக்கச் சொல்லு."

நான் போனைப் பார்த்துக்கொண்டே, "எஸ்எம்பிஎஸ் இந்த வாரம் ஆர்டர் போட்டுரலாமா?" என்று கேட்டேன்.

நீ கொஞ்ச நேரம் சும்மா இருந்தாய். பிறகு, "போட்டுருடா" என்றாய்.

முதலில் வந்தது எஸ்எம்பிஎஸ். அப்புறம் கேபினட், போர்டு, பிராசஸர், ரேம் என்று ஒவ்வொன்றாக வந்தன. வந்த பெட்டியைச் சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவரச் சொல்லி, பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் எழுதியிருப்பதையெல்லாம் படிப்பாய். எல்லாம் அந்தப் பொய்க்குப் பிறகு வாங்கியவை. சென்னையில் கிட்னிக்குப் பதிவு செய்து வைத்திருந்தாய். இறந்தவர்களிடமிருந்து கிடைத்தால் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்று நானும் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த முகத்தோடு சொன்னேன்?

கடைசியாகக் கார்டு. அதை நேரில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்றாய். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற சென்னை ரிச்சி தெருவுக்கு நான் மட்டும் போனேன். அன்றும் சனிக்கிழமைதான். கட்டிலில் இருந்தபடியே வீடியோ காலில் வந்து கடைக்காரரிடம் பேசினாய்.

"அண்ணே, அந்தக் கார்டத் திருப்பிக் காட்டுங்க. ஸ்க்ரூ தலையில கீறல் இருக்கா? ஃபேன வெரல்ல தள்ளி உடுங்க."

கடைக்காரர் முதலில் சலித்துக்கொண்டார். அப்புறம் போனைக் கையில் வாங்கி உன்னைப் பார்த்தார். உன் கையையும் குழாயையும் பின்னால் இருந்த மெஷினையும் பார்த்திருப்பார். ஒன்றும் கேட்கவில்லை. கார்டைத் தன் சிஸ்டத்தில் போட்டு ஓடவிட்டு, போனைத் திரைக்கு எதிரே சாய்த்து வைத்துவிட்டு, "நீங்க எவ்ளோ நேரம் வேணா பாருங்க சார்" என்றார். நீ ஒரு மணி நேரம் பார்த்தாய். சூடு எழுபத்திரண்டு டிகிரிக்கு மேல் போகவில்லை.

"எடுத்துக்கடா" என்றாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் எப்போது கேட்டேன் என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக லீவு போட்டு வந்து, உட்கார்ந்து சேர்ப்பதாக இருந்தது. வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் குளிர்க் காய்ச்சல். வெள்ளிக்கிழமை உன்னைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்றார்கள். சனிக்கிழமை மதியம் இதயம் நின்றுவிட்டது. வார்டுக்கு வெளியே உன் செருப்பு இருந்த பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அதை அப்புறம் யாரிடம் கொடுத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

பெட்டிகள் எல்லாம் உன் கட்டிலுக்கு அடியில் இருந்தன. நான் வார லீவை மறுபடியும் ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டேன். சிதம்பரம் வருவது குறைந்தது. வந்தாலும் வாசலோடு பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன். இதற்கிடையில் ரேம் விலை தாறுமாறாக ஏறிப்போனது, மச்சான். நாம் கொடுத்த பணத்துக்கு இன்றைக்கு அதில் பாதி ரேம்கூடக் கிடைக்காது. பிளாண்டில் ஒருவன், சும்மாதானே கிடக்கிறது, கொடுத்துவிடேன் என்று கேட்டான். அவனோடு இரண்டு வாரம் பேசவில்லை.

போன வாரம் சுமதி போன் செய்தாள். "அண்ணே, வந்து அத சேத்துக் குடு. இல்லன்னா எல்லாத்தயும் எடுத்துக்கிட்டுப் போயிடு. கட்டிலுக்கு அடியில கூட்டறப்பல்லாம் தொடப்பத்துல இடிக்குது."

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ரயிலில் போனேன். யாழினி டியூஷன் போயிருந்தாள். இப்போது ஒன்பதாவது படிக்கிறாள், என் தோள் உயரம் வந்துவிட்டாள். சுமதி மேசையைத் துடைத்து வைத்திருந்தாள். உன் நோட்டையும் எடுத்து வைத்திருந்தாள்.

கடைசிப் பக்கங்களில் எப்படிச் சேர்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தாய். அது எனக்குத் தெரியாது. பிராசஸரின் மூலையில் இருக்கும் முக்கோணத்தைப் போர்டில் இருக்கும் முக்கோணத்தோடு பொருத்து. அழுத்தாதே, தானாக உட்காரும். மேலே தடவுகிற பேஸ்ட் மிளகளவு போதும். நடுவில் ஒரு இடத்தில், "பாஸ்கர் அவசரப்படுவான். ஸ்க்ரூவை அவன் கையில் கொடுக்காதே" என்று என்னைப் பற்றி உனக்கு நீயே எழுதி வைத்திருந்தாய். அதைச் சுமதிதான் சத்தமாகப் படித்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

அவள் படிக்கப் படிக்க நான் செய்தேன். போர்டு, பிராசஸர், ரேம், வயர்கள், கடைசியில் கார்டு. எல்லாம் மாட்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. போர்டு போய்விட்டது என்றே நினைத்தேன். வாங்கி ஒரு வருடம் ஆகிறது, எடுத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது?

சுமதி நோட்டைப் பார்த்தபடி, "மேல எட்டு பின்னு வயரு ஒண்ணு தனியா வரும், மறக்காதேன்னு எழுதியிருக்காரு. மாட்டினியா?" என்றாள்.

மாட்டவில்லை. மாட்டியதும் ஓடியது.

விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது டீ போட்டுக்கொண்டு வந்தாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, சுகரு பொய்யின்னு அவருக்குத் தெரியும்."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எப்பலேர்ந்து?"

"சொன்ன மறுநாளே சொல்லிட்டேன். என்னால வெச்சிருக்க முடியல. பயந்துட்டேங்க, அதான் பொய் சொன்னேன்னு அழுதேன். நீ பேசினதயும் சொன்னேன்."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும். எத்தன வருஷம் ஓடும்னு கேட்டியே. அதயும்."

"அவன் என்ன சொன்னான்?"

"பாஸ்கருக்கு எனக்குத் தெரியும்னு தெரிய வேணாம், தெரிஞ்சா சனிக்கிழம வரமாட்டான்னாரு."

அவளே தொடர்ந்தாள்.

"திரும்பப் போயி டெஸ்ட் எடுத்துக்கறேன்னு சொன்னேன்ணே. ரெண்டு தடவ சொன்னேன். வேணாம்னுட்டாரு. பாஸ்கர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, பொண்ணுக்கு ஒரு ஆளாவது முழுசா இருக்கணும்னாரு. நான் உன்ன குத்தம் சொல்றதுக்கு இத சொல்லல. நீ சொல்லாட்டியும் நான் பயந்திருப்பேன். ஆனா நீ சொன்னதும் எனக்கு சாக்கு கெடச்சிருச்சு. அத புடிச்சிக்கிட்டேன்."

அவள் அழவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் வந்தது. இரண்டு டம்ளர் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

அன்றிலிருந்து நான் அந்தச் சனிக்கிழமைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுமதிக்குச் சுகர் என்று என்னிடம் சொன்னாயே, அப்போது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னாய். நான் வாயைத் திறப்பேனா என்று பார்த்தாயா? ஒரு வழி திறந்துவிட்டாயா? நான் எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றிக் கேட்டபோது நீ சும்மா இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் உனக்குள் என்ன ஓடியது? என்னை வெறுத்தாயா? வெறுத்துக்கொண்டே, நாலு மணி நேரம் பேச ஒரு ஆள் வேண்டுமே என்று பொறுத்துக்கொண்டாயா? அல்லது மன்னித்துவிட்டாயா? ரிச்சி தெருவிலிருந்து பேசியபோது உன் குரலில் கேட்ட சந்தோஷம் உண்மையானதுதானா, இல்லை அதையும் எனக்காகச் செய்தாயா?

நீ இருந்தால் காலில் விழுந்து கேட்பேன். நீ அடிக்கலாம், போடா என்று துரத்தலாம். இப்போது யாரிடம் கேட்பது? மன்னித்திருப்பார் என்று சுமதி சொல்கிறாள். அவளுக்கும் தெரியாது. அவளுக்கும் அது தேவைப்படுகிறது, அதனால் சொல்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டலாம். ஆனால் நம்ப முடியவில்லை, மச்சான்.

கம்ப்யூட்டரில் இதுவரை கேம் எதுவும் ஏற்றவில்லை. கார் ரேஸ் ஒன்றைத் தேடி எடுத்து, டவுன்லோட் பட்டன்மேல் அம்புக்குறியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுத்த முடியவில்லை. யாழினி டியூஷனிலிருந்து வந்து பார்த்தாள். பெட்டியைச் சுற்றி வந்தாள். வலைக்குள் ஃபேன் சுற்றுவதைக் குனிந்து பார்த்தாள். "அப்பா சொன்ன மாதிரியே இருக்கு மாமா" என்றாள். பையைக் கழற்ற உள்ளே போய்விட்டாள். நீ பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய அந்தக் கார்டில் இப்போது கடையின் பில் புத்தகம்தான் டைப் அடிக்கிறார்கள். அதற்கு அந்தக் கார்டு தேவையே இல்லை. உனக்குத் தெரியும்.

அந்தப் பெண் என்னை மாமா என்று கூப்பிடுகிறாள். அப்பாவுக்குக் கடைசிவரை துணையாக இருந்தவர் என்று ஸ்கூலில் கட்டுரை எழுதியிருக்கிறாளாம், சுமதி காட்டினாள். நான் வாசிக்கவில்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உனக்கு நான் இனிச் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இந்தக் கடிதம் அச்சில் வந்து யாழினி கையில் கிடைப்பதற்கு முன்னால், நானே அவள் எதிரில் உட்கார்ந்து, லாரிகள் நின்ற இடத்தில் அவள் அம்மாவிடம் நான் என்ன சொன்னேன் என்பதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்வேன். யாழினிக்காகத்தான் சொன்னேன் என்று அவள் தலையில் வைக்க மாட்டேன். அழ மாட்டேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன், கேட்டால் அவள் கொடுத்துத் தொலைக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடாவிட்டாலும், அவள் படிப்பு முடியும்வரை அந்த வீட்டு வாசலுக்கு வருவதை நிறுத்த மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னிடம் சொல்லாமல் விட்ட,
சுமதியின் அண்ணன், உன் மச்சான்,
பாஸ்கர்
கடலூர் முதுநகர்